நூற்றியொன்றாவது குச்சி: மைசூரு ஊதுபத்திப் பட்டறையில் ஒரு வெள்ளிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் மைசூரு அரண்மனை இல்லை. வெளியே நின்று பார்த்தேன், அழகாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளே போக டிக்கெட் எவ்வளவு, செருப்பை எங்கே விட வேண்டும் என்றெல்லாம் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் பார்த்துவிட்டு வந்தது பதினான்கு பெண்கள் வேலை செய்யும் ஓர் ஊதுபத்திப் பட்டறை. ஆனால் ஈரோட்டிலிருந்து பஸ்ஸிலேயே மைசூரு போய் வர நினைப்பவர்களுக்குத் தேவையான நேரம், தூரம், செலவு எல்லாம் இதில் உண்டு.

போன கார்த்திகை மாதம் வியாழக்கிழமை கிளம்பிச் சனிக்கிழமை திரும்பினேன். காரணம் என் சித்தப்பா மகள் சிவகாமி. சித்தப்பா பிழைப்புக்காகக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் ராமாபுரத்தில் போய்த் தங்கியவர். அவள் பிறந்து வளர்ந்தது அங்கே, வாழ்க்கைப்பட்டது மைசூருவில். மேட்டகள்ளிப் பக்கம் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஊதுபத்தி செய்கிறாள். அதுவரை எனக்கு அவள் தொழிலைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் போன் வந்தது. "அண்ணா, மலேசியாவுல இருந்து ஒரு அம்மா சரக்குப் பாக்க வர்றாங்க, வெள்ளிக்கெழம. இவரு வேலையா ஹாசன் போயிட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க வந்து பக்கத்துல ஒக்காந்தீங்கன்னாப் போதும். ஒண்ணும் பேச வேண்டாம்."

'ஒண்ணும் பேச வேண்டாம்' என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். என்னை நன்றாக அறிந்தவள்.

விஷயம் இதுதான். இத்தனை வருடமாகச் சிவகாமி செய்தது கூலிக்குக் கறுப்புக் குச்சி. அதாவது வாசனை ஏற்றாத வெறும் பத்தி. அதைப் பெரிய கம்பெனிகள் வாங்கி, வாசனையில் நனைத்து, தங்கள் பெயரில் விற்கும். இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தப் பெயரில் வெளிநாட்டு ஆர்டர் கிடைத்திருக்கிறது. சீனப் புத்தாண்டுக்குப் பினாங்கில் விற்க, பெட்டிக்கு நூறு குச்சி வீதம் இரண்டாயிரம் பரிசுப் பெட்டிகள். வருகிற அம்மா பார்த்துத் 'தேறியது' என்று சொன்னால் வருடம் முழுக்க ஆர்டர். தேறாவிட்டால் மறுபடியும் கறுப்புக் குச்சிக் கூலி, அதிலும் பதினான்கு பேரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குச் சென்னைத் துறைமுகத்துக்கு லாரி பேசியாயிற்று. அந்தக் கப்பலை விட்டால் சரக்கு பண்டிகைக்குப் போய்ச் சேராது.

இனி வழி. ஈரோட்டில் காலை 5.10க்கு அந்தியூர் பஸ். சுமார் 35 கிலோமீட்டர், 35 ரூபாய், 6.15க்கு இறங்கினேன். அங்கே 6.40க்கு கொள்ளேகால் பஸ், 140 ரூபாய். பர்கூர் மலை வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். சத்தியமங்கலம், திம்பம் வழியில் போகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் பர்கூர் வழிதான் அழகு. கூட்டம் குறைவு, வலது பக்க ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். தாமரைக்கரையில் பனி அப்பிக்கிடந்தது. மஃப்ளர் கொண்டு போகவில்லை, துண்டைத்தான் காதில் சுற்றிக்கொண்டேன். கர்க்கேகண்டி சோதனைச் சாவடி தாண்டினால் கர்நாடகம். பலகைகள் கன்னடத்துக்கு மாறும். பேச்சு மாறாது. ராமாபுரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் மரவள்ளிக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தது அப்படியே எங்கள் ஊர்த் தமிழ்.

கொள்ளேகால் 10.20. பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காபி சேர்த்து 70 ரூபாய். 10.45க்கு மைசூரு பஸ், சுமார் 60 கிலோமீட்டர், 85 ரூபாய். அந்த மாநிலத்துப் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அட்டையைக் காட்டினால் போதும். பஸ்ஸில் நாங்கள் நாலைந்து ஆண்கள் மட்டும்தான் காசு கொடுத்துப் பயணம் செய்யும் சிறுபான்மையினர். 12.30க்கு மைசூரு.

மேட்டகள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் என் பையில் இருந்த ஈரோட்டு ஜவுளிக் கடைப் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "நம்ம தாயி கொள்ளேகால் சார். ஊதுபத்தி பட்டறைக்கா? முன்னாடி இந்த ரோட்ல வீட்டுக்கு வீடு கையில உருட்டுவாங்க. ஈக எல்லா மெஷின்னு." 'ஈக' என்றால் கன்னடத்தில் இப்போது. மீட்டரில் 142 ரூபாய் ஆனது. 150 கொடுத்தேன், மீதி எட்டு ரூபாயைக் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இதற்காகவே மைசூருவைப் பிடிக்கும்.

பட்டறை நான் நினைத்ததைவிடப் பெரியது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஒரு பக்கம் நான்கு இயந்திரங்கள். குச்சிக்கட்டை ஒரு பக்கம் வைத்தால் மறு பக்கம் மாவு பூசிய பத்தியாக வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. நான் விசைத்தறி உதிரி பாகக் கடை வைத்திருப்பவன். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் குனிந்து பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தேன். சீனா.

"இதுவும் சீனாவா?" என்றேன். என் குரலில் இருந்த கசப்பு அவளுக்குத் தெரியும். பத்து வருடமாகப் பாதி விலையில் வந்து இறங்கும் சீன உதிரி பாகங்களால் என் கடையில் கோயம்புத்தூர்ச் சரக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது. பிறகு நானும் சீனச் சரக்கையே வாங்கி அடுக்கினேன். திட்டிக்கொண்டே விற்கிறேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

சிவகாமி சிரித்தாள். "கையில உருட்டறப்ப நான் கூலிண்ணா. ஒரு நாளைக்கு நாலாயிரம் குச்சி உருட்டுனா நெஞ்செல்லாம் கரி. இந்த மெஷின் வந்தப்பறந்தான் ஓனரு. அதத் திட்டாதீங்க." பிறகு கொட்டகையைச் சுற்றிக் காட்டினாள். மூங்கில் குச்சி வியட்நாமிலிருந்து வருகிறது, கொஞ்சம் திரிபுராவிலிருந்தும். மாவைக் குச்சியில் ஒட்டவைக்கும் மரப்பட்டைத் தூளும் வியட்நாம்தான். வாசனைக்குப் பச்சோலி இலைத் தைலம் இந்தோனேசியா. சந்தனம் கர்நாடகம். இயந்திரம் சீனா, அதை ஓட்டும் மோட்டார் கோயம்புத்தூர். பெட்டி சிவகாசியில் அச்சடித்தது. விற்கப்போவது மலேசியாவில். ஒரு சாண் நீளக் குச்சிக்கு இத்தனை ஊர் சொந்தமா!

'இது ஆசியாவின் நூற்றாண்டு' என்று கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் வணிகர் சங்கத்துக்கு வருகிற பேச்சாளர்கள் எல்லோரும் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டு, மேலே ஏறும் கோட்டைக் காட்டுவார்கள். நான் கடைசி வரிசையில் போண்டா தின்றுகொண்டிருப்பேன். அந்தக் கோடு யாருடைய வீட்டுப் பக்கம் ஏறுகிறது என்பதுதான் என் கேள்வி. இங்கே ஒருத்தி வீட்டுப் பக்கம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்தான்.

"வெளிநாட்டுக் குச்சிக்கு வரி போட்டு நிறுத்திட்டா நம்ம ஆளுக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"வரி ஏத்துனா எனக்குக் குச்சி வெல ஏறுது. எறக்குனா திரிபுராக்காரனுக்கு வயித்துல அடி. அவனும் பொழைக்கோணும், வியட்நாம்காரனும் பொழைக்கோணும், நானும் பொழைக்கோணுமில்லண்ணா. அதான் ரெண்டு பேருகிட்டயும் வாங்கறேன்." இதைச் சொல்லிக்கொண்டே ஒரு குச்சிக்கட்டைத் தட்டி நேராக்கினாள். எங்கள் சங்கத்துப் பேச்சாளர்கள் ஒருவரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அன்று மாலை காந்தி சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன், 1,100 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. சிவகாமி வீட்டில் தங்கச் சொன்னாள். அவள் இருந்த பதற்றத்தில் எனக்கும் சேர்த்துச் சமைக்க வைக்க மனம் வரவில்லை. தேவராஜ மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினேன். மல்லிகையை முழம் போட்டு விற்கும் வரிசைக்கு ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். செட் தோசை 60 ரூபாய், காபி 20.

வெள்ளிக்கிழமை காலை 9.30. ஒரு காரில் வந்து இறங்கினார் திருமதி லிம். அறுபதை ஒட்டிய வயது, குட்டை முடி, தோளில் துணிப்பை, கால்களில் விளையாட்டுக் காலணி. பினாங்கில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறார். நான் ஆங்கிலத்தில் வரவேற்க மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "வணக்கம். சாப்டீங்களா?" என்றார். எனக்குத் தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

சின்ன வயதில் ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவராம். அப்பா அங்கே மளிகைக் கடை. "பக்கத்து வீடு எல்லாம் தமிழ் ஆளுங்கதான்லா. வெளையாட ஆளு வேணும்னா தமிழ் பேசித்தான் ஆகணும்." அவருடைய தமிழில் நம் ஊரில் வழக்கொழிந்த சில சொற்கள் பத்திரமாக இருந்தன. மலேசியப் பணத்தை 'வெள்ளி' என்றார், பேச்சின் கடைசியில் மலேசிய வழக்கப்படி ஒரு 'லா' போட்டார்.

ஆனால் வேலையில் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. அடுக்கிலிருந்து தானே பத்துப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தார். பெட்டிக்கு ஒரு குச்சி எடுத்து மணல் தட்டில் நட்டுக் கொளுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு நிமிடம் எரிந்தது, சாம்பல் உதிராமல் வளைந்து நின்றது. கண்ணை மூடி வாசனை பிடித்தார். "நல்லா இருக்கு. தலை வலிக்கல." சிவகாமி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு வேறொரு பெட்டியை எடுத்துக் குச்சிகளை மேசையில் கொட்டினார். இரண்டு இரண்டாக எண்ணி ஒதுக்கினார். ஐம்பது ஜோடி ஆனது. ஒரு குச்சி தனியாக மிஞ்சியது.

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு."

சிவகாமி முகம் மலர்ந்தது. "அது எங்க வழக்கமுங். நூறுன்னா நூத்தியொண்ணாத்தான் வெப்போம். அதுக்குக் காசெல்லாம் இல்லீங்."

மொய் எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு என்று முடித்து யாராவது வைப்போமா? ஒரு ரூபாய் சேர்த்தால்தான் மனது ஆறும். முழு எண்ணில் நிறுத்தினால் அதோடு முடிந்துபோயிற்று என்று அர்த்தம், ஒன்று கூட்டினால் இன்னும் வளரும். எனக்கும் அது பிழையாகவே படவில்லை. வெளியூர் அம்மாவுக்கு நம் மரியாதை தெரியட்டும் என்று பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது பெட்டியைக் கொட்டினார். நூற்றியொன்று. மூன்றாவது. நூற்றியொன்று.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயுமுங்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சிவகாமி, எங்க ஆளுங்க நூத்தியொண்ணு எங்க குடுப்பாங்க தெரியுமா? சாவு வீட்டுல. கவர்ல வச்சி. நல்ல காரியம்னா ரெட்டைதான், ஜோடியாதான். இது புது வருஷத்துக்கு வீட்டுக்கு வீடு பரிசா போற பெட்டி. ஒரு வீட்டுல யாராச்சும் எண்ணிப் பார்த்தா முடிஞ்சிச்சி. அப்புறம் என் கடைப் பக்கமே வர மாட்டாங்க."

இயந்திரங்களை யாரோ நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் பேசாமல் இருக்க வேண்டியவன் நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி வாயைத் திறந்தேன். "ஒரு குச்சிதானேம்மா? இதையெல்லாம் யார் உட்கார்ந்து எண்ணப்போறாங்க?"

"நான் எண்ணினேன்ல?" என்றார் அவர்.

சிவகாமி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பெட்டி கட்டும் பெண்களில் மூத்தவர் மாதேவி, கொள்ளேகாலுக்கு முன்னால் பஸ்ஸில் நான் தாண்டி வந்த ஹனூர்க்காரர். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தானுங்க எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னது. அவங்க மேல தப்பில்லீங். தூக்கிக் குடுக்கற பொருள நூறுன்னு மொட்டையா எப்புடீங் குடுக்கறது? மனசே வரலீங். நம்ம கையால மொதமொதல்ல கடல் தாண்டிப் போகுதுன்னு..."

"எனக்கும் தெரியுமுங்," என்றாள் சிவகாமி. "உள்ளூருக்கு எப்பவும் இப்படித்தான் வெப்போம். கேக்கோணும்னே தோணல. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்களோ அதைப் பண்றேனுங்."

திருமதி லிம் மிஞ்சிய அந்த ஒற்றைக் குச்சியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மணி 10.50 என்பது மட்டும் கண்ணில் பட்டது. ஐந்து மணிக்கு லாரி. இரண்டாயிரம் பெட்டி.

திடீரென்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். "எஸ்டேட்ல எங்க அக்காவுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா கவர் குடுத்தாங்க. தொறந்து பார்த்தா அம்பத்தியொரு வெள்ளி. எங்க அம்மா அழுதுட்டாங்கலா! கல்யாணத்துல யாருக்கு சாவு வேண்டிக்கிறாங்கன்னு. ஒரு வாரம் பேசல. அப்புறம் அந்த அம்மாவே வந்து வெளக்கம் சொன்னாங்க. நான் இதை மறந்தே போய்ட்டேன்." சிரிப்பு அடங்கியதும் சட்டென்று வியாபாரியாக மாறினார். "தைப்பூசம் வருதுல்ல? பினாங்குல தமிழ் ஆளுங்களுக்கு நூத்தியொண்ணு நல்லதுதானே?"

"ரொம்ப நல்லதுங்!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று. ஆயிரத்து இருநூறு பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை எடுத்துவிட வேண்டும். எண்ணூறு பெட்டி நூற்றியொன்றாகவே தைப்பூசத்துக்குப் போகும். ஆனால் பெட்டியில் சீன எழுத்து அச்சடித்த சிவப்புக் காகிதப் பட்டி இருக்கிறது, அதற்குப் பதில் மஞ்சள் பட்டி சுற்றி, மேலே 101 என்று போட வேண்டும். விலை அதே விலைதான், கூடுதல் குச்சிக்குக் காசு கிடையாது என்பதையும் அந்த அம்மா மறக்காமல் சொன்னார். இரக்கப்பட்டு ஆர்டர் கொடுக்கிற ஆள் இல்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

மஞ்சள் காகிதமும் முத்திரையும் வாங்கி வர என்னை அனுப்பினார்கள். பட்டறையை விட்டு என்னை அப்புறப்படுத்தவும் அது வசதி. சிவராம்பேட்டையில் கல்யாணப் பத்திரிகைக் காகிதம் விற்கும் கடை ஒன்று, வெட்டிக் கொடுக்கும் கூலியோடு 1,350 ரூபாய். நாலு கடை தள்ளி ரப்பர் ஸ்டாம்ப், நாற்பது நிமிடத்தில் செய்து கொடுத்தார், 250 ரூபாய். "பரீ நூற ஒந்து அஷ்டேனா?" என்று கேட்டார். வெறும் நூற்றியொன்று மட்டும்தானா என்று அர்த்தம். ஆமாம் ஐயா, அது மட்டும்தான். அதற்குத்தான் இத்தனை ஓட்டம்.

திரும்பி வந்தபோது திருமதி லிம் மற்ற பெண்களோடு தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பெட்டி திறந்துகொண்டிருந்தார். முட்டியில் வலி போல, ஒரு காலை நீட்டியிருந்தார். நானும் உட்கார்ந்தேன். மூடியின் ஒட்டுத்தாளை நகத்தால் கிளப்ப வேண்டும், ஒரு குச்சியை உருவ வேண்டும், புது ஒட்டுப் போட வேண்டும். முதல் பத்துப் பெட்டியில் மூன்று குச்சியை ஒடித்தேன். மாதேவி என்னிடமிருந்து பெட்டியை வாங்கிவிட்டு முத்திரை குத்தும் வேலையைக் கொடுத்தார். அதில் நான் குறை வைக்கவில்லை.

மதியம் சாப்பாடு அங்கேயே. ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். அந்த அம்மா களியைக் கையால் கிள்ளி, மெல்லாமல் விழுங்க முயன்று, தொண்டையில் மாட்டிக் கண்ணில் நீர் வர, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கன்னடம், கொங்குத் தமிழ், பினாங்குத் தமிழ் மூன்றும் ஒரே பாயில். யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை. காலையில் கொட்டகையில் இருந்த பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

4.35க்குக் கடைசிப் பெட்டி முடிந்தது. லாரி 5.25க்குத்தான் வந்தது, வழக்கம்போல. சிவகாமி ஏற்றி முடிக்கும்வரை லாரி பக்கமே நின்றாள். லாரி திருப்பத்தில் மறைந்த பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நாற்பத்தாறு வயதுக்காரி. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரித்தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த அம்மா கிளம்பும்போது மாதேவி தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். திருமதி லிம் தட்டைப் பார்த்தார். இரண்டு பழம். "இதுல மட்டும் ரெண்டா?"

"தாம்பூலத்துல ஒத்தப் பழம் வெக்க மாட்டமுங். ஜோடியாத்தான் வெப்போம்," என்றார் மாதேவி.

"அப்போ ஒங்களுக்கும் ஜோடி தெரியும்லா!" என்று அவர் மாதேவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதேவி வெட்கப்பட்டுப் பல்லவிபோல அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "தெரியுமுங், தெரியுமுங்."

சனிக்கிழமை அதே வழியில் திரும்பினேன். பஸ்ஸில் நிறைய யோசித்தேன். எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். என் கடையில் துருப்பிடித்த சரக்கு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அதைச் செய்த கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இரண்டு மூடிக்கிடக்கின்றன. ஒருவன் வளர்ச்சி இன்னொருவன் வயிற்றில் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்து நாட்டான் ஏறினால் நாம் இறங்குவோம் என்று இத்தனை நாள் நான் போட்ட கணக்கு தப்பு. வியட்நாமில் ஒருவன் நன்றாகக் குச்சி சீவினால்தான் மேட்டகள்ளியில் அடுப்பு எரிகிறது. பினாங்கில் ஒரு வீட்டில் புது வருஷம் நல்லபடியாக விடிந்தால்தான் ஹனூரில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம். இதற்கு வரைபடம் தேவையில்லை, இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பாயில் உட்கார வேண்டும். உட்காரவும் மனது வேண்டும், முட்டி வலித்தாலும்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மொத்தப் பயணச் செலவு, போக வர பஸ் 520, ஆட்டோக்கள் 610, அறை இரண்டு இரவுக்கு 2,200, சாப்பாடு சுமார் 700. பர்கூர் வழியில் கழிப்பறை வசதி குறைவு, அந்தியூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் கம்பளிச் சட்டை கட்டாயம். ஊதுபத்திப் பட்டறைகளுக்குச் சொல்லாமல் போகாதீர்கள், வேலை கெடும். போனால் வெளிர் நிறச் சட்டை வேண்டாம், என்னுடையது இன்னும் வெளுக்கவில்லை. அப்புறம், யாருக்காவது எதையாவது கூடுதலாகக் கொடுக்க ஆசைப்பட்டால், கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதை எழுதி வைத்துவிட்டு, சிவகாமி சொல்லட்டும் என்று பதிவிடாமல் காத்திருந்தேன். தைப்பூசம் முடிந்த வாரம் போன் செய்தாள். முதலில் தீர்ந்தது மஞ்சள் பெட்டிதானாம். வாங்கியவர்களில் பாதிப் பேர் சீனர்கள். முருகனுக்கு நேர்ந்துகொண்டு மலையேறுகிறவர்கள். 'சாமிக்கு எத்தனை வேணும்னு சாமியைத்தான் கேக்கணும்லா' என்று அந்த அம்மா சொன்னாராம். அடுத்த ஆர்டர் மூவாயிரம் மஞ்சள், மூவாயிரம் சிவப்பு.

"சிவப்புல சரியா நூறுதானே வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

சிவகாமி சொன்னாள், "மாதேவியக்காவுக்கு நூறுன்னு மொட்டையா அனுப்ப மனசே வரலீங்ணா. ஜோடியா ரெண்டு சேத்தி நூத்திரெண்டா வெச்சுக்கலாமான்னு அந்தம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டுச்சு. அந்தம்மா சரின்னுட்டாங்க."